தோசைக்கல்லில் யாகிசோபா

எங்கள் பக்கத்தில் சோறு தவிர வேறு எதைத் தின்றாலும் அது பலகாரம். பத்து இட்லி உள்ளே போயிருந்தாலும், "சாப்பிட்டாச்சா?" என்று யாராவது கேட்டால், "இன்னும் இல்லீங்க, பலகாரம்தான் ஆச்சு" என்றுதான் பதில் வரும். நானும் அந்தக் கட்சிதான். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் நிலமும், வாடகைக்கு ஓட்ட ஒரு நடவு மிஷினும் இருக்கின்றன. என் அப்பா காலத்தில் நாங்கள் அடுத்தவர் வயலில் நட்டவர்கள். சொந்த வயல் வந்தது என் காலத்தில். அதனால் சோற்றைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நூடுல்ஸ் என்பது சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்கு அம்மாக்கள் கொடுக்கிற லஞ்சம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

காலையில் எனக்குப் பழைய சோறு வேண்டும். நீராகாரத்தில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடித்துவிட்டுத்தான் வயலுக்குப் போவேன். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பது என் மனைவி. அதை வேலை என்றுகூடச் சொல்ல முடியாது. கொல்லைக் கதவைத் தாழ் போடுவது போல அது அவள் கையோடு ஒட்டிக்கொண்ட காரியம். பேசிக்கொண்டே ஊற்றுவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் ஊற்றுவாள். நாங்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட காலையில் சட்டியைத் திறந்தால் நீராகாரம் இருந்திருக்கிறது. அதை நான் ஒரு விஷயமாக நினைத்ததே இல்லை.

எங்கள் ஒரே மகள் ஜப்பானில் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. அவளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியபோது, மூன்று மாத விசாவில் என் மனைவி கிளம்பினாள். திருச்சியைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. சென்னை வரைக்கும் நான் கூடப் போனேன். விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்குள் அவள் நுழைந்தபோது, இன்னும் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவாள் என்று வாசலிலேயே நின்றேன். வரவில்லை. உள்ளேயிருந்து போன் செய்து, "ஏங்க, இன்னுமா நிக்கிறீங்க? போய்ச் சாப்பிடுங்க" என்றாள்.

அந்த மூன்று மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோறு வடிக்க எனக்குத் தெரியும், குழம்பும் ஒருமாதிரி வைத்துவிடுவேன். ஆனால் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவே வராது. காலையில் சட்டியைத் திறந்தால் சோறு நொசநொசவென்று ஊசிப்போயிருக்கும். அதைக் கொட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்த் தோசை தின்பேன். கடைக்காரர், "என்னங்க, அம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்பார். என் முகம் அப்படி இருந்திருக்கும் போல.

ஆவணிக் கடைசியில் அவள் வந்தாள். வந்தவள் பழைய ஆள்தான், ஆனால் கொஞ்சம் வேறு மாதிரி. வாசலில் கிடக்கிற செருப்புகளைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். குப்பையைப் பிளாஸ்டிக் தனி, பாட்டில் தனி என்று பிரித்துக் கட்டினாள். குப்பை வண்டிக்காரர் அவள் கண்ணெதிரே எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனார். அப்படியும் அடுத்த நாள் பிரித்துத்தான் கட்டினாள். கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம், "அங்க இப்ப புள்ளை தூங்குற நேரம்" என்பாள். உடம்பு இங்கே வந்துவிட்டது, ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்று எனக்குத் தோன்றியது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் பெட்டியில் ஒரு பெரிய சாஸ் பாட்டில் இருந்தது. கறுப்பாக, கெட்டியாக, புளிப்பும் இனிப்புமாக இருந்தது. விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். புளிக்காய்ச்சலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். "யாகிசோபாவுக்குங்க இது. நூடுல்ஸை இரும்புக் கல்லுல போட்டு வறுக்குறது. உங்களுக்குச் செஞ்சு தர்றேன்" என்றாள். "எனக்கா?" என்றேன். "உங்களுக்குத்தான்."

முதல் தடவை செய்தபோது அது களியாகிவிட்டது. மன்னார்குடியில் வாங்கின காய்ந்த நூடுல்ஸை உலையில் போட்டு, சோறு மாதிரி மூடி போட்டு வடித்தாள். கல்லில் போட்டதும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தது. அதைச் சோற்றில் போட்டு ரசம் ஊற்றிப் பிசைந்து தின்றேன். அடுத்த தடவை அது கல்லோடு ஒட்டிக்கொண்டது, சுரண்டி எடுத்தாள். அதையும் ரசம் ஊற்றித் தின்றேன். நடுவில் அடைமழை பிடித்துக்கொண்டது, வயல் வேலையும் வந்தது. அவள் விடுவதாக இல்லை. ஒருநாள் வீடியோவில் மகளைக் கூப்பிட்டு, அவள் எதிர்வீட்டு ஜப்பான்கார அம்மாளைக் கூப்பிட்டு, மூன்று பேரும் ஒரு மாநாடு நடத்தினார்கள். முடிந்ததும் என்னிடம் வந்து, "அங்க பாக்கெட்ல வர்ற நூடுல்ஸு ஏற்கெனவே ஆவியில வேக வச்சதுதாங்க. நான்தான் தண்ணியில போட்டுக் கெடுத்திருக்கேன்" என்றாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், "மாவை இழையாக்கி ஆவியில வேக வச்சா அதுக்குப் பேரு இடியாப்பம். இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா?" என்றேன். சும்மா சீண்டத்தான் சொன்னேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு இட்லிப் பானையைத் தேடிக்கொண்டு போனாள்.

இதற்குள் இன்னொரு விஷயம் நடந்திருந்தது. அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு வந்த ஒரு மாலை, நான் கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவியின் போன் ஸ்பீக்கரில் மகள் பேசுவது கேட்டது. பங்குனிக் கடைசியில் அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும். புதிதாகச் சேர்கிற குழந்தைகளுக்குக் காய்ச்சல் மாற்றிக் காய்ச்சல் வருமாம். காய்ச்சல் என்றால் உடனே வந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்களாம். "நீ ஒரு மூணு மாசம் வந்து இரும்மா. அப்புறம் அங்க போயி அப்பாகூட இரு. மறுபடி வா. இப்படி ஒரு ரெண்டு வருஷம் தாண்டிட்டா நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள் மகள். என் மனைவி, "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அந்த வாரமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. போகாதே என்று சொன்னால் மகளுக்கு நான் என்ன அப்பன்? போ என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஊசிப்போன சட்டியும் டீக்கடைத் தோசையும்தான் கண் முன்னால் வந்தன. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அறுபது தாண்டின ஆம்பிளை, திருக்கடையூரில் மகளும் மாப்பிள்ளையும் பக்கத்தில் நிற்க இரண்டாவது தடவை தாலி கட்டினவன், பெண்டாட்டி மூன்று மாதம் போவதற்குப் பயப்படுகிறான் என்றால் யார் சிரிக்க மாட்டார்கள்?

மாசியில் ஒரு மாலை அவள் தோசைக்கல்லை வெளியே கொண்டுவந்தாள். கேஸ் அடுப்பில் வைக்கிற சின்னக் கல் இல்லை, விருந்தாள் வந்தால் எடுக்கிற பெரிய இரும்புக் கல். கொல்லையில் செங்கல் அடுப்பு கூட்டி அதை ஏற்றினாள். நூடுல்ஸைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, இட்லிப் பானையில் துணி போட்டு ஆவியில் வேகவைத்து, புளியோதரைக்குச் சோற்றை ஆறப்போடுவது போலத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்கு அடியில் வைத்திருந்தாள். தொட்டுப் பார்த்தேன். இழைக்கு இழை தனித்தனியாக இருந்தது. மிஷின் நடவுக்குப் பாயாக வளர்த்த நாற்றை உதறினால் தூர் தூராகப் பிரியுமே, அது மாதிரி பிரிந்தது.

"அங்க திருவிழா நடந்துச்சு" என்று ஆரம்பித்தாள், கல்லில் எண்ணெயைத் தடவிக்கொண்டே. அவள் வந்து ஆறு மாதம் ஆகிறது. இந்தக் கதையை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னாள். மகள் குடியிருப்பில் வெயில் காலத்தில் ஒரு திருவிழா. குடியிருக்கிறவர்களே கடை போட்டு யாகிசோபா செய்து விற்பார்களாம். நம் வீட்டுக் கதவு அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு, கீழே கேஸ். வறுக்க வேண்டிய ஆள் ஒருவருக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை. இவள் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எதிர்வீட்டு அம்மாள் இவளைப் பார்த்து, கையால் வறுக்கிற மாதிரி காட்டி, வர்றியா என்று தலையை ஆட்டியிருக்கிறார்.

"போனியா?" என்றேன்.

"குழந்தையை நம்ம புள்ளைகிட்ட கொடுத்துட்டுப் போனேன். தலையில துண்டைக் கட்டிவிட்டாங்க. ரெண்டு கையிலயும் ரெண்டு திருப்பியைக் கொடுத்தாங்க. மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. கல்லைப் பார்த்ததும் பயம் போயிடுச்சுங்க. பேச்சு புரியலன்னா என்ன, கல்லு கல்லுதானே."

சொல்லிக்கொண்டே கல்லில் தண்ணீர் தெளித்தாள். துளிகள் உருண்டு ஓடின. அதற்குப் பிறகு நடந்ததை நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். இறாலைப் போட்டுப் பிரட்டி ஓரமாகத் தள்ளினாள். முட்டைக்கோஸும் கேரட்டும் முளைவிட்ட பயறும் விழுந்தன. நடுவில் இடம் பண்ணி நூடுல்ஸைப் பரப்பினாள். பரப்பிவிட்டு, கையை எடுத்துவிட்டாள். நான், "கிளறு, அடிப்பிடிக்கும்" என்றேன். "பிடிக்கட்டும்" என்றாள். அடி சிவந்த வாசனை வரும் வரைக்கும் அசையாமல் நின்றாள். பிறகு இரண்டு கையிலும் இரண்டு தோசைத் திருப்பியை எடுத்தாள். அடியில் கொடுத்துத் தூக்கி, காற்றில் பிரித்து, கீழே போட்டாள். வலது கை தூக்கும்போது இடது கை பிரித்தது. ஒரு இழைகூடக் கல்லை விட்டு வெளியே விழவில்லை. இந்தக் கையை எனக்கு எத்தனை வருஷமாகத் தெரியும். இப்படி ஒன்று அதற்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

சாஸை நூடுல்ஸ் மேல் ஊற்றவில்லை. ஓரத்தில் வெறும் கல்லின் மேல் ஊற்றினாள். அது சுர்ரென்று பொங்கிக் கருகி ஒரு புகை கிளம்பியது பாருங்கள், நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். புளிப்பும் வெல்லப் பாகு கருகுவதும் சேர்ந்த வாசனை. பக்கத்துக் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண், "அக்கா, என்ன பண்றீங்க?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "யாகிசோபா" என்று என் மனைவி சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

தட்டில் போட்டு, மேலே ஏதோ மரச் சீவல் மாதிரி ஒன்றைத் தூவினாள். அது சூட்டில் நெளிய ஆரம்பித்தது. உயிரோடு இருக்கிறது என்று நினைத்துத் தட்டைத் தள்ளி வைத்தேன். "கருவாடுதாங்க. கட்டையா காய வச்சுச் சீவுறாங்க. ஆவி பட்டா ஆடும்" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் நான் தின்னாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவாடு தின்றே வளர்ந்த ஊர் இது, கருவாடு ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை.

தின்றேன். ரசம் கேட்கவில்லை. சோறும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் சோறே வடிக்கவில்லை என்பதுகூட இரண்டாவது தட்டு முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "அங்க எல்லாரும் வரிசையில நின்னு வாங்குனாங்க. நான் போட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில எல்லாரும் கை தட்டுனாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. நாலு சுவருக்குள் அடைந்துகொண்டு, என்னை நினைத்து அழுதுகொண்டு கிடந்திருப்பாள் என்றுதான் அந்த மூன்று மாதமும் நான் நினைத்திருந்தேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அப்போதுதான் கேட்டாள். தட்டை எடுக்கக் குனிந்தவள், குனிந்தபடியே, "பங்குனியில புள்ளை என்னை வரச் சொல்றா. போகட்டுமா?" என்றாள்.

"உளுந்து தெளிச்சிருக்கு" என்றேன்.

"உளுந்துக்கு நானும் நீங்களும் என்னங்க செய்யப் போறோம்? அது பனியில தானா வரும்."

அவள் சொன்னது சரிதான். அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்துக்கு அதற்குப் பிறகு பெரிதாக ஒரு வேலையும் இல்லை. "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். அவள் மிச்சத்தைச் சட்டியில் எடுத்து வைத்தாள்.

காலையில் எழுந்து, வழக்கம் போலச் சட்டியைத் திறந்தேன். உள்ளே யாகிசோபா தண்ணீரில் ஊறிக் கிடந்தது. ஒவ்வொரு இழையும் மண்புழு பருமனுக்கு ஊதியிருந்தது. முட்டைக்கோஸ் மேலே மிதந்தது. தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் பார்க்கலாம் என்று சொன்னதற்கு இது பதில் என்று நினைத்தேன். மாதக்கணக்காகப் போராடிக் கொண்டுவந்த சாப்பாட்டை இப்படி நாசம் பண்ணி, என் காலைச் சட்டியில் வைத்திருக்கிறாள் என்றால் அவளுக்கு எவ்வளவு கோபம் இருக்கும்! சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "என்ன இது?" என்றேன். "கோபம்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

அவள் எட்டிச் சட்டிக்குள் பார்த்தாள். கோலமாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நானா ஊத்துனேன்?" என்றாள். அது நடிப்பு இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. மோவாயெல்லாம் வெள்ளை மாவு. "கை தானா ஊத்திருக்குங்க" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், நின்றபாடில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் அதைச் சொன்னாள்.

"அங்கயும் இப்படித்தாங்க. ராத்திரியானா கை நிக்காது. புள்ளையும் மாப்பிள்ளையும் காலையில ரொட்டிதான் திம்பாங்க. நான் பாட்டுக்குத் தெனம் ஒரு கைப்பிடிச் சோத்தை மிச்சம் பண்ணித் தண்ணி ஊத்தி வச்சிருப்பேன். விடிஞ்சு பார்த்தாதான் உறைக்கும், குடிக்கிற ஆளு இங்க இல்லையேன்னு. கொட்ட மனசு வராம நானே குடிச்சுடுவேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து விட்ட இடத்திலிருந்து கோலத்தைப் போட ஆரம்பித்தாள். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது போலத்தான் சொன்னாள். நான் சட்டியோடு நின்றேன். மூன்று மாதம் நான் இங்கே டீக்கடையில் உட்கார்ந்து, என் சட்டியை நினைக்க ஆள் இல்லை என்று நொந்துகொண்டிருந்தேன். அங்கே, எனக்குப் பேர் தெரியாத ஊரில், அரிசியே வேறாக இருக்கிற ஊரில், எனக்காக ஒவ்வொரு இரவும் சோற்றில் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கிறது. கண் கலங்கிவிட்டது. அவள் பார்த்துவிடக் கூடாதே என்று உள்ளே வந்தேன்.

உப்பைப் போட்டேன். சின்ன வெங்காயத்தை உரித்துப் போட்டேன். உட்கார்ந்து குடித்தேன். சகிக்கவில்லை. அதைப் பொய் சொல்ல மாட்டேன். கருகின சாஸும் புளித்த தண்ணீரும் சேர்ந்து, குடல் புரண்டது. ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

அவள் உள்ளே வந்து காலிச் சட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"புள்ளைகிட்ட சொல்லிடு, பங்குனியில வர்றேன்னு" என்றேன்.

"உங்களுக்கு ராத்திரி யாருங்க தண்ணி ஊத்துவா?"

"நான் ஊத்திக்கிறேன்."

அவள் சட்டியை எடுத்து, என் கண்ணுக்கு நேராகப் பிடித்து, உள்ளே விரலை வைத்துக் காட்டினாள். "சோறு முங்கி இவ்வளவு நின்னாப் போதும். சூட்டோட ஊத்தாதீங்க. மூடியை இறுக்கிப் போடாதீங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

இப்போது அவள் அங்கே இருக்கிறாள். அங்கே இருட்டி அவள் படுக்கப் போகும் நேரம், இங்கே பொழுது சாய்கிற நேரம். போன் வருகிறது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா, உளுந்து எத்தனை மூட்டை வந்தது என்பதெல்லாம் அப்புறம்தான். "நான் ஊத்திட்டேன். நீங்க மறந்துடாதீங்க" என்கிறாள். எங்கள் வீட்டு அடுப்பில் சோறு அப்போதுதான் கொதித்துக்கொண்டிருக்கும்.